அடிக்கடி வரும் கிறுகிறுப்பு: பசி மட்டுமா காரணம்?

காலையில் பெரட்டுக்குப் போகும் அவசரத்தில் ஒரு கோப்பை சாயத்தண்ணியை மட்டும் குடித்துவிட்டு மலை ஏறுகிறவர்கள் நம்மில் பலர். பத்து மணி ஆகும்போது கை நடுங்கும், உடம்பு வியர்க்கும், கண் இருட்டும். "பசி மயக்கம்தான், வேற ஒண்ணுமில்ல" என்று பக்கத்து நிரையில் நிற்பவர் சொல்வார். பாதியில் இறங்கினால் அரைப்பேர்தான் விழும் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு கொழுந்து எடுப்போம்.

ஒரு நாள் வந்து போனால் அது பசியாக இருக்கலாம். திரும்பத் திரும்ப வந்தால், அதிலும் உடம்பு இளைத்துக்கொண்டோ ஓயாத அலுப்போடோ வந்தால், அதைப் பசி என்று விட்டுவிடக் கூடாது. ஏன் என்பதை இந்தக் கட்டுரையில் விளக்குகிறோம்.

சீனியைக் காப்பது யார்?

நாம் சாப்பிடும் சோறு, ரொட்டி எல்லாம் வயிற்றில் செரித்துச் சீனியாக இரத்தத்தில் சேருகின்றன. மூளை வேலை செய்வதற்கு இந்தச் சீனி எந்நேரமும் வேண்டும். இரவில் எட்டு மணி நேரம் சாப்பிடாமல் தூங்கினாலும் நாம் மயங்குவதில்லை. ஈரல் தன்னிடம் சேமித்து வைத்த சீனியைச் சிறிது சிறிதாக இரத்தத்தில் விடுவதே அதற்குக் காரணம். ஆகவே சுகதேகியான ஒருவர் ஒரு வேளை சாப்பிடாவிட்டால் சோர்வு வருமே தவிர, இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்குவதில்லை.

ஈரலுக்கு "சீனியை வெளியே விடு" என்று கட்டளை இடுகிறவற்றுள் முக்கியமானது அதிரீனல் சுரப்பி. இது இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பி போட்டதுபோல் இருக்கும். இதில் சுரக்கும் கோட்டிசோல் என்ற பொருள் சீனியையும் பிரஷரையும் தாங்கிப் பிடிக்கிறது. காய்ச்சல், காயம், ஒப்பரேஷன் போன்ற கஷ்ட காலங்களில் இது கூடுதலாகச் சுரந்து உயிரைக் காக்கும்.

கழுத்தின் முன்புறத்தில் உள்ள தைரொயிட் சுரப்பி, உடம்பு எவ்வளவு வேகமாக வேலை செய்ய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. இந்த இரண்டு சுரப்பிகளையும் மேற்பார்க்கும் கங்காணியைப்போல மூளையின் அடியில் கபச் சுரப்பி இருக்கிறது. கங்காணி படுத்துவிட்டால் கீழே இருப்பவர்களுக்கு வேலை சொல்ல ஆளில்லை. அப்போது இரண்டு சுரப்பிகளும் சேர்ந்தே தளர்ந்துவிடும்.

முதலில் செய்ய வேண்டியது

காரணம் எதுவானாலும் சீனி இறங்கும்போது அடையாளம் ஒன்றுதான்: நடுக்கம், வியர்வை, படபடப்பு, கடும் பசி, தலையிடி, குழறிய பேச்சு, காரணமில்லாத கோபம். இரத்தச் சீனி 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அது குறைவு. 54க்குக் கீழே போனால் ஆபத்து.

1. வேலையை உடனே நிறுத்தி உட்கார வையுங்கள். சரிவான இடத்தில் நிற்க விடாதீர்கள். கூடையையும் கத்தியையும் வாங்கி வைத்துவிடுங்கள்.

2. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். இனிப்பான தேத்தண்ணியும் உதவும், ஆனால் அது சூடாக இருக்கக் கூடாது.

3. பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை அதே அளவு கொடுங்கள்.

4. தெளிந்த பின் ரொட்டி, சோறு அல்லது பிஸ்கட் சாப்பிட வையுங்கள். சீனித் தண்ணீர் மட்டும் நெடுநேரம் தாங்காது.

5. நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அது நுவரையீரலுக்குள் போய் உயிரை எடுத்துவிடும். ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுகிறவர்களுக்கும் கிளிபென்கிளமைட் போன்ற குளிசை எடுக்கிறவர்களுக்கும் இது அதிகம் வரும். மருந்தை எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் மலைக்குப் போகவே கூடாது. குளிசையால் இறங்கிய சீனி, தெளிந்த பிறகும் மறுபடி இறங்கக்கூடும். எனவே "சரியாயிருச்சு" என்று லயத்திலேயே படுத்துவிடாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெறும் வயிற்றில் சாராயம் குடிப்பதும் ஈரல் சீனியை விடுவதைத் தடுத்துவிடும். குடித்துவிட்டுச் சுருண்டு கிடப்பவர் எல்லாரும் போதையில்தான் கிடக்கிறார் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

சீனி வருத்தமும் இல்லை, குடியும் இல்லை. அப்படியிருந்தும் வருகிறதென்றால்?

அதிரீனல் சுரப்பி தளர்ந்திருக்கலாம்

1855ஆம் ஆண்டில் தோமஸ் அடிசன் என்ற ஆங்கில வைத்தியர் இந்த நோயை முதன்முதலாக விவரித்து எழுதினார். ஓயாத களைப்பு, எடை குறைதல், சாப்பாட்டில் விருப்பமின்மை, வாந்தி, எழுந்து நின்றால் தலைசுற்றல், உப்பின் மேல் தனி ஆசை ஆகியவை இதன் அறிகுறிகள். தோல் கறுப்பதும் ஒரு முக்கியமான அடையாளம். "வெயில்ல நிக்கிறோம், கொழுந்துக் கறை வேற, கறுக்காம என்ன செய்யும்?" என்று கேட்பீர்கள். ஒரு வித்தியாசம் உண்டு. கொழுந்துக் கறை விரலில்தான் இருக்கும். இந்த நோயிலோ வெயில் படாத இடங்களும் கறுக்கும். பல் முரசு, வாயின் உட்புறம், உள்ளங்கை ரேகை, பழைய தழும்பு ஆகியவற்றைப் பாருங்கள்.

சயரோகம் அதிரீனல் சுரப்பியை அழிக்கக்கூடியது. முன்பு சயரோகம் வந்தவர்கள் அதை டொக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். சிலருக்கு உடம்பின் பாதுகாப்புப் படையே ஆள் தெரியாமல் சொந்தச் சுரப்பிகளைத் தாக்கும். அதிரீனலும் தைரொயிட்டும் ஒரே ஆளுக்குப் பழுதாவதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் நம் கையாலேயே வருவது. இழுப்புக்கும் மூட்டு வலிக்கும் கொடுக்கப்படும் பிரெட்னிசலோன் குளிசையைச் சில வாரங்களுக்கு மேல் எடுத்தால், "வெளியிலிருந்து வருகிறதே" என்று அதிரீனல் சுரப்பி தூங்கிவிடும். அந்தக் குளிசையை ஒரேயடியாக நிறுத்தினால் கோட்டிசோல் கொடுக்க ஆளில்லாமல் போகும். அதை டொக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். "அவருக்குக் கேட்டுச்சு, எனக்கும் கேக்கும்" என்று அடுத்த வீட்டாரின் குளிசையை வாங்கிப் போடவே கூடாது.

பிரசவத்தில் இரத்தம் அதிகம் போன தாய்மார்

தாய்மாரும் அவர்களது வீட்டாரும் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

கர்ப்ப காலத்தில் கபச் சுரப்பி பெருத்திருக்கும். பிரசவத்தில் இரத்தம் மிக அதிகமாகப் போய்ப் பிரஷர் விழுந்துவிட்டால், அந்தச் சுரப்பிக்குப் போதிய இரத்தம் கிடைக்காமல் அதன் ஒரு பகுதி பட்டுப்போகக்கூடும். 1937இல் இதை விவரித்து எழுதிய வைத்தியரின் பெயரால் இது ஷீஹன் நோய் எனப்படுகிறது.

இப்படிப்பட்ட தாய்க்குப் பிள்ளைக்குக் கொடுக்கப் பால் சுரக்காது. மாதவிலக்கு திரும்ப வராது. அக்குளில் முடி உதிரும். முகம் கறுப்பதற்குப் பதிலாக வெளிறிப்போகும். மற்றவர்களை விட அதிகமாகக் குளிரும், மலச்சிக்கல் இருக்கும், பேச்சும் நடையும் மெதுவாகும். சாப்பாடு தப்பினால் சீனி இறங்கி மயக்கம் வரும். இவை ஒரே நாளில் தெரிவதில்லை. பல வருடங்கள் கழித்துத்தான் வெளிப்படலாம். அதற்குள் "சோம்பேறி" என்ற பெயர் வந்துவிடும். மாமியார் ஏசுவார். முனி அடித்தது என்று கோடாங்கியிடம் கூட்டிப்போவார்கள். சாமி கும்பிடுவதை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் கோயிலுக்குப் போகிறவர்கள் ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டும். "பிள்ளை பிறக்கும்போது இரத்தம் நிறையப் போச்சு, அதுக்குப் பிறகு பாலும் இல்ல, மாதவிலக்கும் இல்ல" என்ற ஒரு வார்த்தையைச் சொன்னால் போதும். டொக்டருக்கு வழி தெரிந்துவிடும்.

எந்த மருந்து முதலில்?

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். தைரொயிட் குறைவுக்குத் தைரொக்சின் குளிசை நல்ல மருந்து. ஆனால் அதிரீனலும் தளர்ந்திருக்கும் ஒருவருக்குத் தைரொக்சினை மட்டும் முதலில் கொடுத்தால், உடம்பின் வேகம் கூடி, மிச்சமிருக்கும் கொஞ்சக் கோட்டிசோலும் சீக்கிரம் செலவாகிவிடும். அப்போது பிரஷர் விழுந்து, வாந்தி எடுத்து, உயிருக்கே ஆபத்து வரலாம். ஆகவே முதலில் ஹைட்ரோகோட்டிசோன் போன்ற மருந்து, அதன் பின்பே தைரொக்சின். தைரொக்சின் தொடங்கிய பிறகு களைப்பும் மயக்கமும் கூடினால் "மருந்து சூடு" என்று வீட்டில் இருக்காமல் அன்றைக்கே டொக்டரிடம் காட்டுங்கள்.

தினசரி வாழ்க்கையில் கவனிக்க வேண்டியவை

தைரொக்சினைக் காலையில் வெறும் வயிற்றில் பச்சைத் தண்ணீருடன் விழுங்குங்கள். தேத்தண்ணியும் சாப்பாடும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான். இரும்புச் சத்து, கல்சியம் குளிசைகளை அதிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளி எடுங்கள். கர்ப்பிணித் தாய்மாருக்கு இது மிகவும் அவசியம்.

ஹைட்ரோகோட்டிசோன் எடுப்பவர்கள் ஒரு நாளும் அதை நிறுத்தக் கூடாது. காய்ச்சல் வந்தால் அளவை வழக்கமாக இரண்டு மடங்காக்கச் சொல்வார்கள். உங்களுக்கு எவ்வளவு என்பதைக் கிளினிக்கில் கேட்டு எழுதி வையுங்கள். வாந்தியால் குளிசை தங்காவிட்டால் ஊசிதான் வழி, காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மழையில் பாதை உடைந்தாலும் லீவு நாள் வந்தாலும் தட்டுப்படாதபடி ஒரு வாரத்துக்குரிய குளிசை கையிருப்பில் இருக்கட்டும்.

காலையில் சாப்பிடாமல் மலை ஏறாதீர்கள். ரொட்டியும் சம்பலும் மட்டும் போதாது. பருப்பு, கடலை, முட்டை, நெத்தலி என்று ஏதாவது ஒன்று சேரட்டும். சேலை முந்தானையில் இரண்டு டொபி முடிந்து வையுங்கள். பிரஷர்காரருக்குச் சொல்லும் "உப்பைக் குறை" என்ற புத்தியை அடிசன் நோய்க்காரர் தானாகப் பின்பற்றக் கூடாது, டொக்டரைக் கேட்க வேண்டும். நமது நாட்டில் 1995 முதல் அயடீன் சேர்த்த உப்பு கட்டாயமாக்கப்பட்டது. அதை மூடிய போத்தலில், அடுப்புக்குத் தள்ளி வையுங்கள்.

கிறுகிறுப்புக்கு இரத்தச்சோகையும் காரணமாகலாம். எனவே நீங்களாகவே ஒரு நோயைத் தீர்மானித்துவிடாதீர்கள். மயக்கம் எந்த நேரத்தில் வந்தது, கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள், சீனி கொடுத்ததும் தெளிந்ததா என்பதைப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் சொல்லி ஒரு கொப்பியில் எழுதி வாங்குங்கள். அந்தக் கொப்பியைத் தோட்டத்து டொக்டர் ஐயாவிடமோ மருத்துவிச்சி அம்மாவிடமோ காட்டி, பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு கேளுங்கள். காலையில் எடுக்கும் ஓர் இரத்தப் பரிசோதனையில் கோட்டிசோலையும் தைரொயிட்டையும் பார்க்கலாம்.

ஒரு நாள் பேர் போனால் அடுத்த மாதம் ஈடு செய்துகொள்ளலாம். வீட்டில் ஓர் ஆள் போனால் ஈடு செய்ய முடியாது. மருந்தை ஒழுங்காக எடுத்தால் இந்த நோயோடு மலைக்கும் போகலாம், பிள்ளைகளையும் ஆளாக்கலாம்.