கேட்பவருக்குக் கெடு உண்டு, வைத்திருப்பவருக்கு இல்லை

டிசம்பர் 31 நெருங்க நெருங்க எங்களுக்கு வரும் கடிதங்கள் இரண்டு வகையாகப் பிரிந்து நிற்கின்றன. கம்பெனி கொடுத்த பங்குகள் நல்ல விலைக்கு ஏறி நிற்பவர்கள் ஒரு பக்கம். ஆண்டு முடிவதற்குள் சமூக அறக்கட்டளையில் போட்டுவிட்டால் வரிக் கழிவு உடனே கிடைக்குமாமே, யாருக்குக் கொடுப்பது என்பதைப் பிறகு ஆற அமர முடிவு செய்யலாமாமே, இது உண்மையா என்று கேட்கிறார்கள். இன்னொரு பக்கம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி, முதியோர் சந்திப்பு, உணவு வங்கி என்று சொந்தக் காசையும் நேரத்தையும் போட்டு நடத்துபவர்கள். உள்ளூர் அறக்கட்டளையின் ஆண்டறிக்கையில் கோடிக்கணக்கான டாலர் இருப்பு தெரிகிறது, பத்தாயிரம் கேட்டால் நிதி போதவில்லை என்று பதில் வருகிறது, இது எப்படி என்பது அவர்கள் கேள்வி.

இரண்டு தரப்பும் கேட்பது ஒரே பணத்தைப் பற்றித்தான்.

அறக்கட்டளை என்றால் ஒரு பெரிய உண்டியல், ஆண்டுக்கொரு முறை அதைத் திறந்து ஒரு குழு ஊருக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 1914இல் அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் பிரெடெரிக் காஃப் என்ற வங்கியாளர் முதல் சமூக அறக்கட்டளையைத் தொடங்கியபோது அவர் மனதில் இருந்ததும் ஏறக்குறைய அதுதான். இறந்துபோன செல்வந்தர்கள் எழுதிவைத்த உயில்கள், காலம் மாறித் தேவை மாறிய பிறகும் தர்மப் பணத்தைப் பூட்டி வைத்திருந்தன. அந்தப் பூட்டைத் திறக்கும் உரிமையை உள்ளூர்க் குழு ஒன்றின் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று அவர் விரும்பினார்.

இன்று அறக்கட்டளையின் இருப்பு பல தனித்தனிக் கணக்குகளின் கூட்டுத்தொகை. நிபந்தனை இல்லாமல் வந்த பணம் ஒன்று. கல்வி, முதியோர் நலம் என்று துறை மட்டும் குறித்து வந்த பணம் ஒன்று. இன்ன மருத்துவமனைக்கு, இன்ன நூலகத்துக்கு என்று பெயர் எழுதி வந்த பணம் ஒன்று. நான்காவது, கொடையாளரின் பேரில் நிற்கும் டோனர் அட்வைஸ்டு ஃபண்ட். சுருக்கமாக எல்லாரும் சொல்வது டாஃப். விண்ணப்பம் வாங்கி, திட்ட அலுவலர் பேசிப் பார்த்து, தன்னார்வலர் குழு படித்து மதிப்பிட்டு, இயக்குநர் குழு ஒப்புதல் தருகிறதே, அந்த நடைமுறை முழுவதும் முதல் இரண்டு வகைப் பணத்துக்குத்தான். பல அறக்கட்டளைகளில் பெருந்தொகை நிற்பது நான்காவதில். குழுவில் இருப்பவர்கள் மனமிரங்கினாலும் அந்தப் பணம் அவர்கள் கைக்கு எட்டாது. ஆண்டறிக்கை இந்தப் பிரிவினையைப் பின்பக்கங்களில் சொல்கிறது, மொத்தத் தொகையை முதல் பக்கத்தில் சொல்கிறது. நிதி கேட்டு ஏமாந்தவர்களின் குழப்பம் முதல் பக்கத்தில்தான் தொடங்குகிறது.

டாஃப் எப்படி வேலை செய்கிறது?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 20,000 டாலருக்கு வாங்கி ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்குகள் இன்று 1,00,000 டாலர் பெறுகின்றன என்று வையுங்கள். டிசம்பரில் அவற்றை அறக்கட்டளையின் பேருக்கு மாற்றினால், 80,000 டாலர் லாபத்துக்கு வரி இல்லை. அதோடு சந்தை விலையான 1,00,000 டாலர் வரிக் கழிவுக் கணக்கில் ஏறும். வருமானத்தில் 30 சதவீதம் வரைதான் ஓர் ஆண்டில் கழிக்கலாம். மீதியை அடுத்த 5 ஆண்டுகளுக்குக் கொண்டுபோகலாம். ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வருமானம் உள்ளவர் அந்தப் பங்குகளை விற்றிருந்தால் கட்டியிருக்கக்கூடிய லாப வரியையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு லட்சத்தில் ஏறக்குறைய பாதி மத்திய அரசுக்குப் போகாமல் நிற்கிறது. பொது நன்மைக்குப் பணம் போகிறது என்பதால் நாட்டின் எல்லா வரி செலுத்துவோரும் சேர்ந்து விட்டுக்கொடுக்கும் தொகை அது.

ஆனால் பொது நன்மைக்கு எப்போது போக வேண்டும்? சட்டத்தில் நாள் இல்லை. பணம் முதலீட்டில் நிற்கிறது, வரியில்லாமல் வளர்கிறது. கொடையாளர் விரும்பும்போது இன்ன நிறுவனத்துக்கு அனுப்புங்கள் என்று பரிந்துரைக்கலாம். அடுத்த வாரமே செய்யலாம், இருபது ஆண்டு கழித்தும் செய்யலாம். பெரும்பாலான அறக்கட்டளைகளில் பிள்ளைகளை அடுத்த பரிந்துரையாளராக நியமித்துவிட்டும் போகலாம். குடும்பங்கள் நடத்தும் தனியார் அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் சொத்தில் 5 சதவீதம் அளவுக்குச் செலவிட்டே ஆகவேண்டும். சமூக அறக்கட்டளை பொது அறநிறுவனமாகப் பதிவானது, ஊரே அதற்குக் கொடுக்கிறது என்பதால் அந்தக் கட்டாயம் அதற்கு இல்லை. தமிழ்ப் பள்ளியின் விண்ணப்பம் கடைசி நாள் மாலை ஐந்து மணிக்கு ஒரு நிமிடம் தாண்டினாலும் இணையப் படிவம் மூடிக்கொள்ளும். அதே கட்டடத்தில், அதே ஊர் நன்மைக்கென்று வரிக் கழிவு பெற்ற பணத்துக்குக் காலக்கெடுவே கிடையாது. இந்த ஏற்பாட்டில் எனக்கு உறுத்துவது இதுதான்.

2006இல் வந்த சட்டம் டாஃபுக்கு முதன்முறையாக வரையறை தந்தது. பணம் அறக்கட்டளைக்குச் சொந்தம், கட்டுப்பாடும் அதனுடையதே, கொடையாளர் யோசனை சொல்ல மட்டுமே உரிமை உள்ளவர் என்கிறது அது. நடைமுறையில், பரிந்துரைக்கப்படும் நிறுவனம் வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.ஸின் பட்டியலில் இருக்கிறதா, கொடையாளருக்கு எதிர்ப்பயன் ஏதும் போகிறதா என்று பார்ப்பார்கள். இரண்டிலும் தடை இல்லையென்றால் காசோலை போய்விடும். கொடையாளர் எதுவும் சொல்லாமல் இருந்தால் காசோலையும் போகாது. பணத்தின் சொந்தக்காரர் என்று சட்டம் சொல்லும் அமைப்பு தானாக முன்வந்து அதை எடுத்து ஊருக்குச் செலவிடுவது அபூர்வம். காரணம் புரியாததல்ல. வற்புறுத்தினால் கொடையாளர் அடுத்த முறை பங்குகளை ஃபிடெலிட்டி போன்ற நிதி நிறுவனங்கள் தொடங்கிய டாஃபுக்குக் கொண்டுபோய்விடுவார். தவிர, அறக்கட்டளை அலுவலகம் நடப்பதே இருப்பின் மேல் ஆண்டுதோறும் எடுக்கும் கட்டணத்தில். அது பெரும்பாலும் ஒரு சதவீதத்தை ஒட்டி இருக்கும். பணம் வெளியே போனால் கட்டணமும் குறைகிறது.

இருபது சதவீதத்துக்கு மேல் கொடுக்கிறார்களே?

ஆண்டுதோறும் டாஃப்களிலிருந்து இருப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெளியே போகிறது, தனியார் அறக்கட்டளைகளைவிட இது பல மடங்கு என்று இத்துறையினர் சொல்கிறார்கள். கணக்கு பொய்யில்லை. ஆனால் அது சராசரி. ஒரே அளவுள்ள பத்துக் கணக்குகளில் இரண்டு பேர் முழுவதும் கொடுத்துவிட்டு எட்டுப் பேர் ஒரு காசும் கொடுக்காவிட்டாலும் சராசரி 20 சதவீதம்தான். எந்த நிலை உண்மை என்று வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாது, ஏனென்றால் ஐ.ஆர்.எஸ்.ஸுக்குப் போகும் 990 படிவத்தில் அறக்கட்டளை எத்தனை டாஃப் வைத்திருக்கிறது, மொத்தம் எவ்வளவு என்று மட்டும் சொன்னால் போதும். ஒரு டாஃபிலிருந்து வேறோர் அமைப்பின் டாஃபுக்குப் பணம் நகர்ந்தாலும் அது கொடையாகவே எண்ணப்படுகிறது. மிச்சிகன் மாநிலச் சமூக அறக்கட்டளைகள் தங்கள் கணக்குகளைத் தனித்தனியே திறந்து காட்டியபோது, 2020இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட கணக்குகள் ஒன்றுமே கொடுக்கவில்லை என்று தெரிந்தது. கொள்ளைநோயில் உணவு வங்கிகளின் முன் மைல் கணக்கில் கார்கள் நின்ற ஆண்டு அது. அதே ஆண்டில் டாஃப்களிலிருந்து மொத்தமாகப் போன தொகை கணிசமாக உயர்ந்தது என்பதும் உண்மை. கொடுத்தவர்கள் தாராளமாகவே கொடுத்தார்கள். கொடுக்காதவர்களைத்தான் சராசரி மறைக்கிறது.

நம்மவர்கள் அதிகம் வாழும் சிலிக்கான் பள்ளத்தாக்கிலேயே இதன் பெரிய உதாரணம் இருக்கிறது. 2007இல் இரண்டு உள்ளூர் அமைப்புகள் இணைந்து சிலிக்கான் வேலி சமூக அறக்கட்டளை உருவானது. 2012 டிசம்பரில் மார்க் ஸக்கர்பர்க் 1.8 கோடி ஃபேஸ்புக் பங்குகளை அதற்கு அளித்தார். அன்றைய மதிப்பு ஏறக்குறைய 50 கோடி டாலர். 2017இல் அறக்கட்டளையின் சொத்து 1,300 கோடி டாலரைத் தாண்டியது. வாடகை கட்ட முடியாதவர்கள் வேனில் உறங்கும் அதே மாவட்டங்களின் சிறு அமைப்புகளுக்கு இதில் எவ்வளவு வருகிறது என்ற கேள்வி 2018இல் அமெரிக்கப் பத்திரிகைகளில் பெரிதாக எழுந்தது. அறக்கட்டளை கொடுக்காமல் இல்லை. ஆண்டுதோறும் பெருந்தொகை போகிறது. எங்கே, எப்போது போகவேண்டும் என்பதைக் கணக்கு வைத்திருப்பவர்கள் தீர்மானிக்கிறார்கள்.

இந்த நிலையை மாற்ற முயற்சி நடந்தது. 2021 ஜூனில் செனட்டர்கள் ஆங்கஸ் கிங்கும் சக் கிராஸ்லியும் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். உடனடி வரிக் கழிவு வேண்டுமானால் 15 ஆண்டுகளுக்குள் பணத்தைத் தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்றது அது. சமூக அறக்கட்டளைகளில் பத்து லட்சம் டாலருக்கு உட்பட்ட கணக்குகளுக்கு விலக்கும் தந்திருந்தது. பதினைந்து ஆண்டு என்பதே தாராளமான அவகாசம் என்பது என் கருத்து. மசோதா சட்டமாகவில்லை.

சட்டம் கேட்காவிட்டாலும் கொடையாளர் தனக்குத் தானே கெடு வைத்துக்கொள்ளலாம். டாஃப் தொடங்கும் நாளிலேயே, ஆண்டுதோறும் இவ்வளவு தொகை இந்த நிறுவனங்களுக்குத் தானாகப் போகட்டும் என்று நிரந்தரப் பரிந்துரை கொடுக்கலாம். தன் காலத்துக்குப் பிறகு மீதி அறக்கட்டளையின் பொது நிதியில் சேரட்டும் என்றும் எழுதிக் கொடுக்கலாம். இரண்டுக்கும் ஒரு படிவம் போதும். அறக்கட்டளையைத் தேர்ந்தெடுக்கும்போது, பல ஆண்டு அசையாத கணக்கை என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பின் பொது நிதிக்கு மாற்றிவிடும் விதி வைத்திருக்கும் அறக்கட்டளைகள் இருக்கின்றன. அப்படியொரு விதி இல்லாத இடத்தில் பணத்தைப் போடாதீர்கள்.

நிதி கேட்பவர்கள் விண்ணப்பத்தோடு நின்றுவிட வேண்டாம். திட்ட அலுவலரிடம், எங்கள் தேவையை டாஃப் வைத்திருப்பவர்களுக்குத் தெரியப்படுத்துவீர்களா என்று நேராகக் கேளுங்கள். பலர் செய்கிறார்கள், கேட்டால்தான் செய்கிறார்கள். கொடையாளரின் திரையில் உங்கள் பள்ளி தெரிவது வரி எண், தொண்டு நிறுவனங்களின் விவரங்களைத் தொகுக்கும் கேண்டிட் தளத்தில் உள்ள தகவல் ஆகியவற்றின் வழியாக. பழைய முகவரியும் நிரப்பாத பக்கங்களும் அங்கே கிடந்தால் உங்களைத் தேடி வந்தவரும் திரும்பிவிடுவார். கலிஃபோர்னியாவில் அட்டர்னி ஜெனரல் அலுவலகப் பதிவைப் புதுப்பிக்கத் தவறியிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

மற்ற கேள்விகள்:

போட்ட பணத்தைத் திரும்ப எடுக்கலாமா? முடியாது.

பங்கு மாற்றக் கடைசி நாள் எது? டிசம்பர் 31க்குள் அறக்கட்டளையின் கணக்கில் வந்து சேர்ந்திருக்க வேண்டும். பல அறக்கட்டளைகளும் தரகு நிறுவனங்களும் மாதத் தொடக்கத்திலேயே கெடு வைத்துவிடுகின்றன.

கழிவுகளைத் தனித்தனியே பட்டியலிடாதவர்களுக்கு (ஐட்டமைஸ் செய்யாதவர்களுக்கு) புதிய கழிவு உண்டா? 2026 வரி ஆண்டு முதல் தனிநபருக்கு 1,000, தம்பதிக்கு 2,000 டாலர் வரை. ரொக்கமாக, நேராகத் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்தால் மட்டும், டாஃபுக்குக் கொடுத்தால் இல்லை.

டாஃபிலிருந்து தமிழ்ச் சங்க விழாவின் விருந்து டிக்கெட் வாங்கலாமா? கூடாது, பெறும் பயனுக்கு 125 சதவீதம் வரி விழும்.

கோயிலுக்கு? டாஃபிலிருந்து கொடுக்கலாம், குழு மதிப்பிடும் விண்ணப்பத்தில் வழிபாட்டுச் செலவை அனேகமாக ஏற்கமாட்டார்கள், எல்லாருக்குமான அன்னதானம் என்றால் கேட்டுப் பார்க்கலாம்.

வரிவிலக்குத் தொண்டு நிறுவனத் தகுதியான 501(சி)(3) இன்னும் கிடைக்காத குழு? பதிவு பெற்ற வேறோர் அமைப்பின் பொறுப்பில் விண்ணப்பிக்கலாம். அவர்கள் ஒரு பங்கைக் கட்டணமாக எடுத்துக்கொள்வார்கள்.

தமிழ்நாட்டில் உள்ள நிறுவனத்துக்கு அனுப்ப முடியுமா? அந்த நிறுவனத்துக்கு இந்தியாவின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்.சி.ஆர்.ஏ.வின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இருக்க வேண்டும், டெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் கணக்கும் வேண்டும்; இங்கே அறக்கட்டளை தனி ஆய்வு செய்யும், அதை எல்லா அறக்கட்டளைகளும் செய்வதில்லை, முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.