வீட்டுச் சுவருக்கு கிரீமா, ஆப்-ஒயிட்டா? ராத்திரி லைட் போட்டு பார்த்துட்டு முடிவு பண்ணுங்க!

சென்னை: போகி நெருங்கினால் வீட்டுக்கு பெயிண்ட் அடிக்கணும் என்ற பேச்சு வந்துடும். லைன் வீடோ, ஹவுசிங் போர்டு வீடோ, போட்டி பெரும்பாலும் ரெண்டு கலருக்குள்தான். கிரீமா? ஆப்-ஒயிட்டா?

கடையில் கார்டை பார்த்தால் ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும். சுவத்துல ஏறின பிறகுதான் வித்தியாசம் புரியும். அதுக்குள்ள காசு போயிடும். மிஷினில் கலர் கலந்து கொடுத்த டப்பாவை கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள். 10-க்கு 10 ரூமுக்கு ரெண்டு கோட் அடிக்க சுமார் 3 லிட்டர் எமல்ஷன் பிடிக்கும். கலர் பிடிக்கலைன்னா பெயிண்ட் காசு, பெயிண்டர் கூலி ரெண்டும் மறுபடி தண்டம்.

விஷயம் லைட்டில்தான் இருக்கு. டியூப்லைட், வெள்ளை எல்.இ.டி. வெளிச்சத்தில் நீலம் அதிகம். அதில் கிரீமின் மஞ்சள் மங்கி, அழுது வடியும். சில சமயம் லேசா பச்சை தட்டும். மஞ்சள் லைட் போட்டால் தலைகீழ். கிரீம் சுவர் மஞ்சள் பூசின மாதிரி ஆகிடும். ஆப்-ஒயிட்தான் கிரீம் மாதிரி தெரியும்.

அந்தக் காலத்தில் சுண்ணாம்பில் சொட்டு நீலம் கலந்து அடிச்சாங்களே, அதுவும் இதே கணக்குதான். சுண்ணாம்பின் லேசான மஞ்சளை நீலம் அடக்கிடும், சுவர் பளிச்சுன்னு இருக்கும்.

ஜன்னல் சின்னது, பகலிலேயே லைட் போடணும் என்றால் ஆப்-ஒயிட்டுக்கே ஓட்டு. வெளிச்சத்தை அதிகமா திருப்பிக் கொடுக்கும். ஆனால் குழந்தைகளின் கைக்கறை உடனே காட்டிக் கொடுக்கும். அடுப்புப் பக்கம் எண்ணெய்ப் புகை படியும் சுவருக்கு கிரீம் தேவலாம். எந்தக் கலரானாலும் டிஸ்டம்பரை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் பெயிண்டும் கையோடு வந்துடும்.

சின்ன டப்பா வாங்கி, பிரைமர் அடிச்ச இடத்தில் 2 அடிக்கு 2 அடி பூசிப் பாருங்க. பழைய நீலச் சுவர் மேலேயே பூசினால் அடிக்கலர் தெரியும். ரெண்டையும் ஒட்டி ஒட்டி பூசாதீங்க. பக்கத்தில் வெள்ளை இருந்தால் கிரீம் இன்னும் மஞ்சளா தெரியும். எதிர் எதிர் சுவத்துல பூசுங்க. நல்லா காய்ந்த பிறகு காலையில் ஒரு தடவை, ராத்திரி லைட் போட்டு ஒரு தடவை பாருங்க.

பிடிச்ச கலரின் நம்பரை எழுதி வச்சுக்கோங்க. தேவையான மொத்த பெயிண்டையும் ஒரே தடவையில் கலக்கச் சொல்லி வாங்குங்க. பாதியில் தீர்ந்து மறுபடி கலந்தால் ஒரு சுவர் மட்டும் தனியா தெரிய வாய்ப்பு உண்டு.