ஏ/பி-க்கு முன்னால் ஓர் இடம்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், புக்கிட் செலம்பாவிலோ பீடோங்கிலோ ஒரு தமிழ்ப் பெண்பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தால், பெயருக்கு நடுவில் பெரும்பாலும் ஏ/பி என்றுதான் இருக்கும். ‘அனாக் பெரெம்புவான்’, அதாவது இன்னாருடைய மகள். அதற்குப் பின்னால் அப்பா பெயர். கல்யாணமானாலும் அது மாறாது. கணவன் பெயர் வந்து ஒட்டிக்கொள்வதும் இல்லை. ஆகவே, இளம் பெற்றோர் இப்போது ‘நடுப்பெயர்’ என்று தேடுவது ஏ/பி-க்கு முன்னால் வரும் இரண்டாவது சொல்லைத்தான்.

பக்கத்து ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. சுங்கை பட்டாணியில் 1999-இல் பிறந்த ஸ்குவாஷ் வீராங்கனை சிவசங்கரியை உள்ளூர்ப் பத்திரிகைகள் எஸ். சிவசங்கரி என்று எழுதும். உலகப் போட்டிகளில் அவர் சிவசங்கரி சுப்பிரமணியம். ஏ/பி போகலாம், அப்பா பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கலாம். பிள்ளைக்கென்று வைத்த பெயர் மட்டும் எங்கேயும் முழுசாக நிற்கிறது. அம்மா வழிக்கோ பாட்டி வழிக்கோ ஓர் இடம் வேண்டுமென்றால் அதை அங்கேதான் தேட வேண்டும்.

ரப்பர்த் தோட்டங்களின் காலத்தில் பெண்களுக்கு இரண்டாம் பெயரெல்லாம் கிடையாது. முனியம்மா, அஞ்சலை, காத்தாயி, பாப்பாத்தி, லெட்சுமி என்று ஒற்றைப் பெயர். தோட்டத்துக் கிராணி காதில் விழுந்தபடி செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் எழுதினார். அதுவே பின்னால் அடையாள அட்டைக்கும் போனது. அடுத்த தலைமுறையில் தேவி வந்தது: விமலா தேவி, சாந்தி தேவி. அதற்குப் பிறகு பிரியா, ஸ்ரீ. இன்றைக்கு ஒரே வகுப்பில் ஸ்ரீ சேர்ந்த பெயர்கள் பலவாக இருக்கும்போது, அந்த இரண்டாவது சொல் பிள்ளையைத் தனியாகக் காட்டுவதில்லை, வெறும் அலங்காரமாகிவிடுகிறது.

தமிழ்க் குடும்பங்களில் இரண்டு பெயர் வைப்பதற்கு இதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. மூத்த பெண்ணுக்கு அப்பாவைப் பெற்ற பாட்டியின் பெயரை வைப்பார்கள். ஆனால் மருமகள் மாமியார் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்பது வழக்கம். பெற்ற பிள்ளையையே பெயர் சொல்லி அழைக்க முடியாத தாய், வீட்டில் கூப்பிட இன்னொரு பெயரைக் கண்டுபிடித்தாள். அந்தக் கூப்பிடு பெயர் எந்தப் பத்திரத்திலும் ஏறவில்லை. இப்போது நிலைமையைத் தலைகீழாக மாற்றலாம்: அம்மாவுக்குப் பிடித்த பெயர் முதலில், பாட்டி பெயர் இரண்டாவதாக, இரண்டுமே பத்திரத்தில்.

பாட்டி பெயரை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1025-இல் கடல் கடந்து படை அனுப்பிய ராஜேந்திர சோழன் கடாரங்கொண்டான் என்று பட்டம் சூட்டிக்கொண்டான். கடாரம் என்ற இந்தக் கெடா மண் ஓர் அரசனின் பெயருக்குள் இருக்கிறது. அதே மண்ணில் விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிடும் வரிசையில், நின்று பால் வெட்டிய அஞ்சலையின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ரப்பர் போய் செம்பனை வந்தது, லயத்து வீடுகள் காலியாகி ஜனங்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். பேத்தியும் எடுத்துக்கொள்ளாவிட்டால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட யாருமே இருக்க மாட்டார்கள்.

இப்படி இரண்டு பெயர்களையும் பத்திரத்தில் ஏற்றுவதைக் கிறிஸ்தவக் குடும்பங்கள் வெகு காலமாகச் செய்துவருகின்றன. பினாங்கில் பிறந்து 8 முறை உலக ஸ்குவாஷ் சாம்பியனான நிக்கோல் டேவிட்டின் முழுப்பெயர் நிக்கோல் ஆன் டேவிட். அவருடைய தாயார் பெயர் ஆன் மேரி. இந்திய தேசிய ராணுவத்தின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவரும் பின்னாளில் ஆசிரியையுமான ராசம்மா பூபாலன், பிறந்த வீட்டில் ராசம்மா நவோமி நவரத்தினம். தமிழ்ப் பெயரும் ஞானஸ்நானப் பெயரும் அப்பா பெயரும் ஒன்றையொன்று இடிக்காமல் வரிசையில் நிற்கின்றன.

பொருந்துகிறதா என்பதைக் காதுதான் சொல்லும். ‘மீனா அஞ்சலை’ என்றால் ஆவும் அவும் முட்டிக்கொண்டு பெயர் உடைகிறது. ‘கயல் அஞ்சலை’ வழுக்கிக்கொண்டு போகிறது. ‘தமிழ்ச்செல்வி பாப்பாத்தி’க்குப் பின்னால் அனாக் பெரெம்புவான் சுப்பிரமணியமும் வந்தால், கிளினிக்கில் கூப்பிடுகிறவருக்கு மூச்சு வாங்கும். முதல் பெயர் நீளமென்றால் இரண்டாவது குட்டையாக இருக்கட்டும். நட்சத்திர எழுத்து பார்க்கிறவர்களும் கவலைப்பட வேண்டியதில்லை. ரோகிணியில் பிறந்த பிள்ளைக்கு ஓ, வ, வி, வு என்று ஐயர் சொன்னால், அந்த எழுத்து முதல் பெயருக்குத்தான்: வானதி முனியம்மா. அழகாகவே இருக்கிறது.

தீபகற்ப மலேசியாவில் பிறப்பைப் பதிய 60 நாள் அவகாசம். முப்பது கும்பிட்டுத் தொட்டில் போட்ட பிறகும் யோசிக்க நேரம் இருக்கிறது. ஆனால் ஒன்று: தேசியப் பதிவிலாகா 2006-இல் தகாத பெயர்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. விலங்கு, பூச்சி, பழம், காய்கறி, நிறம் ஆகியவற்றின் பெயரைப் பிள்ளைக்கு வைக்கக் கூடாது என்றது. பாட்டி பெயர் கருப்பாயி என்றால் கவுண்டரில் கேள்வி எழலாம். அது தோலின் நிறத்தைச் சொல்லும் பெயர் அல்ல, கருப்பசாமியைக் கும்பிடும் குடும்பத்தின் பெயர் என்று விளக்கப் பெற்றோர் தயாராகப் போவது நல்லது.

எழுத்துக்கூட்டலிலும் கவனம் வேண்டும். யாழினி, கயல்விழி போன்ற பெயர்களில் ழகரத்துக்கு இசட், எச் போட்டால் மலாய்க்காரர் ‘யாஸ்ஹினி’ என்றுதான் வாசிப்பார்; எல் போட்டால் தமிழர் முகம் சுளிப்பார். இரண்டில் எது என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போக வேண்டும். எண் சாஸ்திரத்துக்காகக் கடைசியில் கூடுதலாக ஓர் ஏ, ஓர் எச் சேர்க்கிறவர்கள் அதை முதல் பெயரோடு நிறுத்திக்கொள்ளட்டும். பாட்டியின் பெயரைத் திருத்த வேண்டாம். லட்சுமிக்கு நடுவில் டி, சி, எச் போட்டு லெட்சுமி என்று எழுதும் வழக்கம் மலேசியத் தோட்டங்களில் வேரூன்றியது. பாட்டியின் அடையாள அட்டையை வாங்கி, அதில் எப்படி இருக்கிறதோ அப்படியே பாரத்தில் எழுதுவதுதான் சரி.