இரண்டா, நான்கா, பன்னிரண்டா?

'கோவை' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று கேட்டால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் இரண்டு என்று சொல்லிவிடும். பைத்தான் மொழியின் இரண்டாம் தலைமுறையிடம் அதே சொல்லைக் கொடுத்து நீளம் கேட்டால் 12 என்று விடை வரும். மூன்றாம் தலைமுறையிடம் கேட்டால் 4. மூன்று விடையும் சரி. முதலாவது, நாம் வாயால் சொல்லும் எழுத்து. அடுத்தது, வட்டில் எழுதப்படும் பைட்டுகள். கடைசியாக வந்தது யூனிகோடு குறிகளின் எண்ணிக்கை: க, ஓகாரக் குறி, வ, ஐகாரக் குறி. ஒவ்வொரு தமிழ்க் குறியும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டு பிடிப்பதால் நான்கு பன்னிரண்டாகிறது.

வலைத்தளங்களைக் கட்ட உலகெங்கும் பயன்படும் ஜாங்கோ என்ற பிரேம்வொர்க் 2017 டிசம்பரில் 2.0 பதிப்புக்கு மாறியபோது, பைத்தானின் இரண்டாம் தலைமுறையைக் கைவிட்டது. அன்று அப்கிரேடு செய்தவர்கள் 'எழுத்து என்றால் என்ன' என்ற கேள்விக்கான விடையையே மாற்றினார்கள். தன் நிரலில் ஒரு வரியைக்கூடத் தொடாதவருக்கும் இந்த மாற்றம் வந்து சேர்ந்தது. பிரேம்வொர்க் அப்கிரேடில் என்னை எப்போதும் வியக்க வைப்பது இதுதான். நாம் எழுதியது அப்படியே இருக்கும்; அதன் பொருள் மட்டும் மாறியிருக்கும்.

தமிழருக்கு இது புதிதில்லை. யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழ்க் கோப்பு என்பது ஒரு எழுத்துருவின் அடிமை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்ற குறியீட்டு முறைகளைத் தமிழ்நாடு அரசு ஏற்றது. இணையத்தில் டிஸ்கி முறையும் புழங்கியது. அச்சகங்களும் அலுவலகங்களும் இவை தவிர இன்னும் பலவற்றை வைத்திருந்தன. டிஸ்கி, டாப் போன்றவை எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமித்தன. 'கோ' என்றால் முதலில் இரட்டைக்கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடு ஒலிக்கும் வரிசையில் சேமிக்கிறது: முதலில் க, பிறகு ஓகாரக் குறி. ஆகவே பழைய கோப்பை மாற்றுவதற்கு எண்ணுக்கு எண் பதிலீடு செய்தால் போதாது, குறிகளின் வரிசையையும் திருப்பி அடுக்க வேண்டும். கோப்பு எந்த எழுத்துருவில் தட்டப்பட்டது என்பது தொலைந்துபோனால் வெறும் பைட்டுகளைப் பார்த்து அதைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

இந்தக் குழப்பத்துக்கு அரசு மட்டத்தில் முடிவு கட்டப்பட்டது கோவையில்தான். 2010 ஜூன் 23 முதல் 27 வரை அவிநாசி சாலையில், கொடிசியா வளாகத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. உத்தமம் அமைப்பின் தமிழ் இணைய மாநாடும் அதனுடன் சேர்ந்தே நடைபெற்றது. அந்த நாட்களில்தான் யூனிகோடைத் தமிழுக்கான தரமாக ஏற்கும் அரசாணை வந்தது. யூனிகோடு சரியாக இயங்காத மென்பொருள்களுக்கு மாற்றாக டேஸ்-16 என்ற முறையையும் அது ஏற்றது. டேஸ்-16இல் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி இடம் உண்டு. அதில் கோவை நாம் எண்ணுவது போலவே இரண்டுதான். தமிழின் இயல்புக்கு அதுவே பொருத்தம் என்று வாதிட்ட அறிஞர்களின் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் யூனிகோடு தன் அடுக்கைக் கலைத்துத் தமிழுக்காக மறுபடி அடுக்க முடியாது. காரணம் கொரிய மொழி. 1996இல் வந்த யூனிகோடு 2.0, கொரிய அசையெழுத்துகளைப் பழைய இடத்திலிருந்து பெயர்த்து 11,172 எழுத்துகள் கொண்ட புதிய இடத்தில் வைத்தது. அதுவரை யூனிகோடில் சேமித்த கொரியக் கோப்புகள் பொருளிழந்தன. அந்த அடிக்குப் பிறகு, ஒருமுறை இடம் கொடுத்த எழுத்தை இனி நகர்த்தவோ நீக்கவோ மாட்டோம் என்று யூனிகோடு அமைப்பு உறுதி பூண்டது. 1991இல் முதல் பதிப்பில் தமிழுக்குக் கிடைத்த அடுக்கு இன்றும் அப்படியே நிற்பதற்கு அந்த உறுதிதான் காரணம்.

செம்மொழி மாநாடு முடிந்த ஆறாம் நாள், 2010 ஜூலை 3 அன்று, பைத்தான் 2.7 வெளியானது. இரண்டாம் தலைமுறையின் கடைசிப் பதிப்பு அது. மூன்றாம் தலைமுறை 2008 டிசம்பரிலேயே வந்துவிட்டது. யூனிகோடு அமைப்பு எடுத்த முடிவுக்கு நேரெதிரான முடிவைப் பைத்தான்காரர்கள் எடுத்திருந்தார்கள்: பழையதை உடைத்தே ஆகவேண்டும், ஆனால் மாறிக்கொள்ள நாள் கொடுப்போம். கொடுத்த நாள் போதாமல், 2015 என்று குறித்திருந்த கெடு 2020 ஜனவரி 1 வரை நீண்டது.

ஏன் உடைத்தார்கள்? இரண்டாம் தலைமுறையில் பைட்டுச் சரத்தையும் யூனிகோடு சரத்தையும் ஒட்டினால் மொழி தானாகவே ஒன்றை மற்றொன்றாக மாற்றப் பார்க்கும். பைட்டுச் சரத்தில் ஆங்கில எழுத்து மட்டும் இருந்தால் மாற்றம் நடந்துவிடும். அதில் ஒரே ஒரு தமிழ் எழுத்து வந்தாலும் எரர். ஒரு நூல் வியாபாரியின் பில் போடும் தளத்தை எண்ணிப் பாருங்கள். பார்ட்டி பெயரை ஆங்கிலத்தில் தட்டும்வரை வருடக்கணக்கில் ஒழுங்காக ஓடும். என்றைக்கோ ஒருவர் தன் பெயரைத் தமிழில் தட்டியதும் பக்கம் விழுந்துவிடும். பிழை முதல் நாளிலிருந்தே அங்கே இருந்தது, அதை வெளியே இழுக்க ஒரு தமிழர் வரவேண்டியிருந்தது. மூன்றாம் தலைமுறையில் இரண்டையும் ஒட்டவே முடியாது. பெயர் எந்த மொழியில் இருந்தாலும் அந்த வரி முதல் ஓட்டத்திலேயே எரர் கொடுக்கும். சத்தம் போட்டு உடைவதை நான் பாதுகாப்பு என்றே கருதுகிறேன்.

இதற்கான வைத்தியமும் எளிது. கோவையிலிருந்து அகலப்பாதையில் வருபவர் மேட்டுப்பாளையத்தில் இறங்கி மலை ரயிலுக்கு மாறுவது போல, பைட்டை எழுத்தாக மாற்றுவதை எல்லையில் மட்டும் செய்ய வேண்டும். கோப்பைப் படிக்கும்போது ஒருமுறை, எழுதும்போது ஒருமுறை. நடுவில் எங்கும் வண்டி மாறக் கூடாது.

கவலை தருபவை சத்தமில்லாத மாற்றங்கள். 1001 ரூபாய்க் கூலியை இரண்டால் வகுத்தால் பழைய பைத்தான் 500 என்றது, புதியது 500.5 என்கிறது. எரர் வராது, திரை சிவக்காது. சனிக்கிழமைக் கணக்கு முடிக்கும்போதுதான் அரை ரூபாய் இடிக்கும்.

இதைவிட நுட்பமானது நேரம். 2023 டிசம்பரில் வந்த ஜாங்கோ 5.0, நேர மண்டலங்களைக் கையாளும் அமைப்பை இயல்பாகவே இயக்கத்தில் வைத்தது; அதுவரை அந்த இயல்பு அணைந்தே இருந்தது. பழைய அமைப்புக் கோப்பில் அந்த வரியை எழுதாமல் விட்டவர்களுக்கு அப்கிரேடுக்குப் பிறகு 'இப்போது' என்று கேட்டால் கிடைப்பது உலகப் பொது நேரம். அது நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. பகலில் யாரும் கவனிக்க மாட்டார்கள், ஏனென்றால் தேதி ஒன்றுதான். ஆனால் கொங்கு நாட்டு ஸ்பின்னிங் மில்கள் இரவிலும் ஓடுகின்றன. நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு நைட் ஷிப்ட் ஏறுபவரின் வருகையை அந்த 'இப்போது'வின் தேதியை அப்படியே எடுத்துப் பதிந்தால், காலை ஐந்தரை வரைக்குமான பதிவுகள் முந்தைய நாளில் போய் உட்காரும். ஒருவருக்கு ஒரே நாளில் இரண்டு வருகை, மறுநாள் ஆப்சென்ட். உள்ளூர்த் தேதியைத் தரும் செயற்கூறு ஜாங்கோவிலேயே இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

பிரேம்வொர்க் எழுதுபவர்கள் இதில் பொறுப்பற்றவர்கள் அல்ல. ஒரு வசதியை எடுக்கப்போகிறோம் என்றால் ஜாங்கோ குழுவினர் அதை உடனே எடுப்பதில்லை. இடைப்பட்ட பதிப்புகளில் எச்சரிக்கை கொடுத்தபடியே விட்டுவைக்கிறார்கள். அந்த எச்சரிக்கையின் பெயரிலேயே எந்தப் பதிப்பில் வசதி மறையும் என்ற எண்ணும் இருக்கும். துயரம் என்னவென்றால் பைத்தான் இயல்பாகவே இவ்வகை எச்சரிக்கைகளில் பெரும்பாலானவற்றைத் திரையில் காட்டாமல் மறைத்துவிடும். எல்லா எச்சரிக்கையையும் காட்டச் சொல்லி டெஸ்டுகளை ஓட்டினால்தான் வரிசையாக வந்து விழும். ஆகவே பழைய பதிப்பில் இருக்கும்போதே எச்சரிக்கைகளைத் தீர்த்துவிட்டு அடுத்த பதிப்புக்கு ஏறுவதும், நடுப் பதிப்புகளைத் தாண்டிக் குதிக்காமல் ஒவ்வொன்றாக ஏறுவதும் நல்லது. நான்கைந்து பேர் மட்டும் வேலை செய்யும் சிறு நிறுவனத்தில் இதற்கு நேரமில்லை என்பார்கள். அவர்களுக்குத்தான் இது அதிகம் தேவை. ஒரு பதிப்பில் ஒரு மாற்றத்தைத் தேடுவது அரை நாள் வேலை, நான்கு பதிப்பைச் சேர்த்துத் தாண்டியபின் எது எங்கே உடைந்தது என்று பிரித்தறிவதே தனி வேலை.

எச்சரிக்கைகள் நிரலைப் பற்றியவை. சேமித்து வைத்திருக்கும் தரவைப் பற்றி அவை ஒன்றும் சொல்லாது. இங்கேதான் நம் ஊர் டெஸ்டுகள் ஏமாற்றுகின்றன என்று நினைக்கிறேன். டெஸ்டில் போடும் பெயர்கள் எல்லாம் ஆங்கில எழுத்தில், நாலெழுத்துப் பெயர்களாக இருக்கின்றன. அந்தியூரும் வெள்ளகோவிலும் பெருந்துறையும் தமிழ் எழுத்திலேயே டெஸ்டில் இருக்க வேண்டும். 'கோவை'யை இரண்டு விதமாகச் சேர்த்து வைக்க வேண்டும்: ஓகாரக் குறி ஒரே குறியாக வரும் வடிவம் ஒன்று, இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக வரும் வடிவம் மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றே. எண்ணினால் முன்னது 4, பின்னது 5. இரண்டும் சமம் என்று யூனிகோடே விதித்திருக்கிறது, ஒன்றை மற்றொன்றாக்கும் கருவியும் பைத்தானோடு வருகிறது. ஆனால் அதை அழைக்காமல் தேடினால் ஒரு வடிவத்தில் தேடியவருக்கு மறு வடிவத்தில் சேமித்தது கிடைக்காது.

இன்னும் கடினமானது ஸ்ரீ. இந்த வட்டாரத்தில் மில், ரைஸ் மில், பேக்கரி, பனியன் கம்பெனி என்று எத்தனையோ பெயர்ப் பலகைகள் இந்த எழுத்தில்தான் தொடங்குகின்றன. முதலில் இதை ஸகரத்தைக் கொண்டு எழுதினோம். 2005இல் யூனிகோடு 4.1 'ஶ' என்ற எழுத்தைத் தமிழுக்குச் சேர்த்தபின் அதைக் கொண்டும் எழுதலாம் என்றானது. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாகவே தெரியும். ஆனால் இவை சமம் என்று யூனிகோடு சொல்லவில்லை, அந்தக் கருவியும் இவற்றை ஒன்றாக்காது. பழைய தரவில் ஒரு வடிவமும் புதிய கைப்பேசி விசைப்பலகையில் மறு வடிவமும் இருந்தால், ஒரே கம்பெனிக்கு இரண்டு கணக்கு திறக்கும், பாக்கி இரண்டிலுமாகப் பிரிந்து நிற்கும். சேமிப்பதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் வரியை நாமேதான் எழுத வேண்டும். ஜாங்கோவின் வெளியீட்டுக் குறிப்பு எதிலும் அது இருக்காது.