மக்ரூனுக்குப் போனது போக

எங்கள் வீட்டில் மக்ரூன் போடுகிற அன்றைக்குத்தான் கஸ்டர்டும். இரண்டும் வேறு வேறு பலகாரம் என்பதே வெகு நாள் எனக்கு உறைக்கவில்லை. டிசம்பர் பிறந்ததும் ஒரு சனிக்கிழமை மத்தியானம் சித்தி அடுப்படித் தரையில் உட்கார்ந்து முட்டை உடைக்க ஆரம்பிப்பாள். ஓட்டை இரண்டாகப் பிளந்து, மஞ்சக்கருவை இந்த ஓட்டிலிருந்து அந்த ஓட்டுக்கு மாற்றி மாற்றி விடுவாள். வெள்ளை மட்டும் வழிந்து கிண்ணத்தில் இறங்கும். அது சுத்தமாகப் பிரிந்திருந்தால்தான் பெரிய சட்டிக்குள் போகும். ஒரு சொட்டு மஞ்சள் கலந்துவிட்டால் தீர்ந்தது. அதிலுள்ள கொழுப்பு வெள்ளையை நுரைக்க விடாது. சட்டியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் இதே கதைதான்.

தூத்துக்குடிக்குப் போனவர்கள் கையில் மக்ரூன் பொட்டலம் இல்லாமல் திரும்புவதில்லை என்பதால், அது என்ன பண்டம் என்று விளக்க வேண்டியதில்லை. வெள்ளைக்கரு, சீனி, முந்திரிப்பருப்புப் பொடி. மூன்றே பொருள். நுரை நிமிர்ந்து நிற்கும்வரை அடித்து, பருப்பைக் கலந்து, காகிதக் கூம்பில் அடைத்துத் தட்டில் சுற்றிச் சுற்றிப் பிழிந்து, தணிந்த சூட்டில் மணிக்கணக்காக வைத்து ஈரத்தை வாங்க வேண்டும். எங்கள் வீட்டில் அதற்கு அடுப்பு ஏது? தெருமுனை பேக்கரியில் ரொட்டி எடுத்து முடிந்த பிறகு, விறகடுப்புச் சூடு இறங்கிக்கொண்டிருக்கும்போது தட்டுகளைக் கொடுத்துவிட்டு வருவோம். காலையில் போய் வாங்கிக்கொள்ளலாம். ஆறியதும் டப்பாவில் போட்டு மூடாவிட்டால் உப்புக்காற்று பட்டு நமுத்துவிடும்.

எல்லாரும் மக்ரூனைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். பன்னிரண்டு முட்டையின் மஞ்சக்கரு சட்டியில் பன்னிரண்டு சூரியன் மாதிரி உட்கார்ந்திருக்குமே, அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதைப் போட்டு வைக்கவும் முடியாது. அரை மணி நேரம் காற்றுப்பட்டால் மேலே தோல் கட்டிவிடும். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜும் இல்லை. ஆகவே சாயங்காலத்துக்குள் அது ஏதாவது ஆகியாக வேண்டும். பாதி இராத்திரி முட்டைக் குழம்பில் கரையும். மீதிதான் கஸ்டர்ட்.

போர்ச்சுக்கல்லில் இதே கணக்கைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள். அங்கே கன்னிமாடங்களில் வெள்ளைக்கருவைத் துணிக்குக் கஞ்சி போடவும், திராட்சை ரசத்தைத் தெளியவைக்கவும் எடுத்துக்கொண்டார்களாம். மிஞ்சிய மஞ்சக்கருவைச் சீனியோடு சேர்த்துக் கிண்டியதில்தான் அந்த நாட்டின் பாதி இனிப்புகள் பிறந்தன என்கிறார்கள். அந்த போர்ச்சுக்கீசியர்தான் 16ஆம் நூற்றாண்டில் இந்தக் கரைக்கு வந்தார்கள். 1530களில் பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்றதும், 1542இல் சவேரியார் வந்ததும், 1658இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்ததும் எல்லாரும் அறிந்த வரலாறு. போர்ச்சுக்கீசியரையும் டச்சுக்காரரையும் இங்கே இழுத்தது முத்து. மக்ரூனும் போர்ச்சுக்கீசியர் கொடுத்துவிட்டுப் போனது என்பது ஊர்ப்பேச்சு. எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. 1658இல் போனவர்களின் பலகாரம் அத்தனை காலம் எந்த அடுப்பில் வெந்துகொண்டிருந்தது? அந்தப் பெயரும் எனக்கு இங்கிலீஷ்காரன் வாயிலிருந்து வந்ததாகத்தான் கேட்கிறது. ஆனால் முந்திரி அவர்கள் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம், அதில் சந்தேகமில்லை.

மஞ்சக்கருவுக்கு 1837ஆம் வருஷம் விசேஷமானது. அந்த வருஷம்தான் லிஸ்பனை ஒட்டிய பெலெம் என்ற இடத்தில், பக்கத்து மடத்துச் செய்முறையை வைத்து முட்டைக் கஸ்டர்ட் நிரப்பிய சின்னச் சின்னக் கிண்ணப் பலகாரங்களைக் கடைபோட்டு விற்க ஆரம்பித்தார்கள். அதே வருஷம் இங்கிலாந்தில் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்துக்கடைக்காரர், மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாததால் முட்டையே இல்லாத கஸ்டர்ட் பவுடரைக் கண்டுபிடித்தார். ஒரு பக்கம் மஞ்சக்கருவே உயிர். இன்னொரு பக்கம் மஞ்சக்கருவே வேண்டாம். நம் ஊருக்குக் கப்பலேறி வந்து ஜெயித்தது இரண்டாவதுதான். எங்கள் ஆச்சி வீட்டில் பொத்தானும் ஊசிநூலும் போட்டு வைத்திருந்தது கொழும்பிலிருந்து வந்த ஒரு பழைய கஸ்டர்ட் டின்னில்.

இன்றைக்கு பிரவுன் அண்ட் போல்சன், வெய்க்ஃபீல்டு என்று பலசரக்குக் கடையில் தொங்குவதும் அந்த வம்சம்தான். உள்ளே இருப்பது சோளமாவு, வெனிலா வாசனை, நிறத்துக்கு மஞ்சள். முட்டை சாப்பிடாத வீட்டுக்கும் அது போகும் என்பதால் இந்தியா முழுக்கச் செல்லுபடியானது. பிரியாணிப் பந்தியில் கடைசியாக, ஆப்பிளும் திராட்சையும் மாதுளையும் மிதக்க, பேப்பர் கப்பில் வருகிறதே, அது இதுதான். குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதைக் கஸ்டர்ட் என்று சொல்லும்போதெல்லாம் சித்தியின் முகம் ஞாபகத்துக்கு வருகிறது. "மாவுக்கஞ்சில நெறத்த ஊத்தி வச்சிருக்கான்" என்பாள்.

சரி, அடுப்புக்கு வருவோம். அரை லிட்டர் பாலுக்கு நாலு மஞ்சக்கரு, நாலைந்து மேசைக்கரண்டி சீனி, ஒரு சிட்டிகை உப்பு. உப்பளத்து ஊர்க்காரன் என்பதற்காக அதைச் சேர்க்கவில்லை. உப்பு இல்லாவிட்டால் முட்டை வாசம் தூக்கலாக இருக்கும். வெனிலாவுக்குப் பதில் சித்தி நாலு ஏலக்காயைத் தட்டிப் பாலிலேயே போட்டுவிடுவாள். பாலை ஓரத்தில் முத்து முத்தாகக் குமிழ் கட்டும்வரை சூடாக்கி இறக்கிக்கொள்ள வேண்டும். இதற்கிடையில் மஞ்சக்கருவில் சீனியைப் போட்டதும் உடனே அடித்துவிட வேண்டும். போட்டுவிட்டு வாசலில் கீரைக்காரியோடு பேசப் போனால், சீனி கருவின் ஈரத்தை உறிஞ்சி, மணல்மணலாகக் கட்டி தட்டி நிற்கும். பிறகு எவ்வளவு அடித்தாலும் கரையாது.

அடுத்தது, சூடான பாலைக் கருவில் விடுவது. கருவைப் பாலில் அல்ல. ஒரு கரண்டி விட்டு அடி, இன்னொரு கரண்டி விட்டு அடி. முட்டை சூட்டுக்குப் பழகட்டும். பாதிப் பால் போனபிறகு எல்லாவற்றையும் அடிகனமான சட்டியில் ஊற்றி, தீயைச் சிம்மில் வைத்து, மரக்கரண்டியால் துழாவ வேண்டியதுதான். இங்கேதான் என் தலையில் குட்டு விழும்.

"ஏல, கரண்டிய நிப்பாட்டாத. அடியத் தொட்டுக் கிண்டு, மேலாக்க வழிச்சா பத்தாது."

"சித்தி, கை வலிக்கி."

"வலிக்கட்டும். கொதி வந்துச்சு, கொன்னுருவேன்."

கொதி வரக் கூடாது! நம் அடுப்படியில் பிறந்தவனுக்கு இது எவ்வளவு அந்நியமான சட்டம் பாருங்கள். பால் பொங்கி வழிந்தால் குலவை இடுகிறவர்கள் நாம். ரசம் ஒன்றைத் தவிர வேறெதைக் கொதிக்குமுன் இறக்குகிறோம்? பாயசத்தை எவ்வளவு கொதிக்கவிட்டாலும் தப்பில்லை; சுண்டச் சுண்ட ருசி. பாலைக் கெட்டியாக்க நமக்குத் தெரிந்த வழி அதைச் சுண்டவைப்பது, இல்லையென்றால் அரிசியோ சவ்வரிசியோ சேர்ப்பது. முட்டையை வைத்துக் கெட்டியாக்குவது வேறு வித்தை. கருவிலுள்ள புரதம் சூட்டில் அவிழ்ந்து, ஒன்றோடொன்று கைகோத்து, வலை மாதிரி பாலைத் தாங்கிப் பிடிக்கிறது. தனி மஞ்சக்கரு 65, 70 டிகிரியிலேயே உறைந்துவிடும். பாலும் சீனியும் சேர்ந்து விலக்கி வைத்திருப்பதால் கஸ்டர்டில் அது 80 டிகிரிவரை தள்ளிப்போகிறது. 85ஐத் தாண்டினால் வலை இறுகி, பிடித்த நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். அதாவது, ஆவதற்கும் கெடுவதற்கும் நடுவே இருப்பது நாலைந்து டிகிரிதான்.

அந்த நாலைந்து டிகிரியை நான் சென்னையில் தனியாக இருந்தபோது ஒரு போன் காலில் தவறவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் சட்டியில் சீனி போட்ட முட்டைப் பொடிமாஸ், சுற்றிலும் மஞ்சள் தண்ணீர். சித்தியிடம் சொன்னபோது சிரித்துவிட்டு ஒரு வழி சொன்னாள்: திரிய ஆரம்பித்ததும் இறக்கி, குளிர்ந்த சட்டிக்கு மாற்றி, மிக்சியில் ஒரு சுற்றுச் சுற்றி வடிகட்டு, பாதி பிழைக்கும். பொடிமாஸ் ஆனபிறகு எதுவும் பிழைக்காது.

தெர்மாமீட்டர் இல்லாத வீட்டில் பதம் பார்க்கக் கரண்டிதான். ஆரம்பத்தில் பால் கரண்டியிலிருந்து தண்ணீராக ஓடும். மேலே மிதந்த நுரை மெல்ல அடங்கும். அது அடங்கினால் நெருங்கிவிட்டோம் என்று அர்த்தம். பிறகு கரண்டியின் முதுகில் ஒரு பூச்சு நிற்கும். விரலால் நடுவே ஒரு கோடு இழுத்தால், இரண்டு பக்கமும் வழிந்து மூடாமல் அந்தக் கோடு அப்படியே இருக்க வேண்டும். இருந்தால் அந்த நொடியே இறக்கி வடிகட்டி, தண்ணீர்த் தொட்டியில் பாத்திரத்தோடு இறக்கிவிட வேண்டும். சட்டியின் சூட்டிலேயே அது இன்னும் வெந்துகொண்டிருக்கும்.

பயந்தவர்கள் ஒரு கரண்டி சோளமாவு சேர்த்துக்கொள்ளலாம். மாவு கூட இருந்தால் முட்டை லேசில் திரியாது. ஆனால் அப்போது சட்டம் மாறிவிடும். ஒரு நிமிஷமாவது கொதித்தே ஆக வேண்டும். மஞ்சக்கருவில் மாவைக் கரைக்கிற ஒரு நொதி இருக்கிறது. கொதிக்கவிட்டு அதைக் கொல்லாவிட்டால், இராத்திரி கெட்டியாக இருந்த கஸ்டர்ட் காலையில் தண்ணியாகிக் கிடக்கும். இது தெரியாமல் பாலில் கலப்படம் என்று பால்காரரைத் திட்டிய வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று.

இந்த அவஸ்தை எதுவும் இல்லாமல் முட்டையைப் பாலில் உறையவைக்க இதே கரையில் ஒரு வழி இருக்கிறது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் முஸ்லிம் வீடுகளில் செய்கிற வட்டிலப்பம். முழு முட்டை, தேங்காய்ப்பால், சீனியோ கருப்பட்டியோ, ஏலம், சாதிக்காய். கலந்து வடிகட்டி, வட்டிலில் ஊற்றி, ஆவியில் வைத்துவிட்டு மூடிவிடலாம். தீ நேரே தொடாது, துழாவ வேண்டியதும் இல்லை. இலங்கையில் பெருநாள் என்றால் இது இல்லாமல் இல்லை. அங்கே கித்துள் கருப்பட்டி. டச்சுக்காரர் காலத்தில் இலங்கைக்கு வந்த மலாய்க்காரர்கள் வழியாக வந்தது என்பார்கள். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே வ.உ.சி. 1906இல் கப்பல் கம்பெனி தொடங்குவதற்கு எத்தனையோ காலம் முன்பே தோணி போய் வந்துகொண்டிருந்த கடல் இது. பலகாரம் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போனது என்று யார் பார்த்தார்கள்? உடன்குடிக் கருப்பட்டியைப் போட்டு ஒரு தடவை நான் செய்து பார்த்தேன். நிறம் கறுத்து, மேலே ஓட்டை ஓட்டையாக, சூடு கூடிவிட்டதைக் காட்டிக்கொடுத்தது. ஆவியிலும் தீயைக் குறைத்துத்தான் வைக்க வேண்டுமாம். காயல்பட்டினத்துச் சிநேகிதன் வீட்டு உம்மா சொல்லித் தெரிந்தது.

இப்போது சித்தி முட்டை உடைப்பதில்லை, முழங்கால் வலி. மக்ரூன் கடையிலிருந்து வருகிறது. போன டிசம்பரில் கஸ்டர்ட் போட என்று நான் நாலு முட்டை உடைத்தபோது நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சளைப் பாலுக்கு எடுத்துக்கொண்டு வெள்ளையைக் கழுவுதொட்டிப் பக்கம் தள்ளி வைத்தேன்.

"அத எங்கல கொண்டு போற?" என்றாள். "முந்திரி இருக்கா பாரு."