டபுள் டெக்கரில் ஏன் பெர்த் இல்லை?

2013 ஏப்ரலில் சென்னை–பெங்களூரு ஏசி டபுள் டெக்கர் ஓடத் தொடங்கியது. 2018இல் வந்த கோவை–பெங்களூரு உதய் எக்ஸ்பிரஸும் இதே வகை. இரண்டும் பகல் வண்டிகள்; உட்கார்ந்து போக மட்டுமே இடம்.

கபூர்தலா தொழிற்சாலையில் செய்த இந்தப் பெட்டியில் 120 பேர் உட்காரலாம். சாதாரண ஏசி சேர் காரில் 78 பேர். உட்கார்ந்திருப்பவரின் தலைக்கு மேல் வீணாகக் கிடந்த இடத்தை மாடி பிடித்துக்கொண்டதால் வந்த லாபம் அது. மூன்றடுக்கு ஸ்லீப்பரில் அந்த இடம் வீணாக இல்லை. மிடில் பெர்த்தும் அப்பர் பெர்த்தும் ஏற்கெனவே அங்கே தொங்குகின்றன.

இந்தியப் பாதையில் பாலம், நடைமேடைக் கூரை, 25,000 வோல்ட் மின்கம்பி எல்லாம் உயரத்துக்கு வரம்பு கட்டுகின்றன. டபுள் டெக்கரின் உயரம் ஏறத்தாழ 4.36 மீட்டர், சாதாரணப் பெட்டியைவிட ஓரடிதான் கூடுதல். அதற்குள் இரண்டு தளம் வேண்டுமென்றால் கீழ்த்தளத்தைச் சக்கரங்களுக்கு நடுவே தாழ இறக்க வேண்டும். பெட்டியின் நீளம் 23.5 மீட்டர். இரு முனைகளிலும் சக்கரத் தொகுதிகள் இருப்பதால், இறக்கக் கிடைப்பது நடுவிலுள்ள 11 மீட்டர் சொச்சமே. முனைகளில் ஒரே தளம்தான். படிக்கட்டு, கழிப்பறை, வழக்கமாகப் பெட்டிக்கு அடியில் தொங்கும் கருவிகள் எல்லாம் அங்கேதான் ஒதுங்க வேண்டும்.

ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏசி மூன்றடுக்குப் பெட்டியில் ஒன்பது பகுதிகள். பகுதிக்கு எட்டு பெர்த் வீதம் 72. மாடிப் பெட்டியில் ஒவ்வொரு தளமும் ஆள் நிமிர்ந்து நிற்கும் உயரமே உள்ளதால் இரண்டடுக்குக்கு மேல் போட முடியாது. அப்படியானால் பகுதிக்கு ஆறு பெர்த். 11 மீட்டரில் ஐந்து பகுதிகள் அடங்கும் என்றால் இரு தளத்திலும் சேர்த்து 60. முனைக்கு ஒரு பகுதி பழையபடி மூன்றடுக்காக இருந்தால் இன்னும் 16. ஆக 76. நான்கே நான்கு பெர்த்துக்காக இத்தனை பாடு! வயதானவர்கள் நள்ளிரவில் கழிப்பறைக்குப் படியேறி இறங்குவதும், பெட்டி படுக்கைகளை வைக்க இடமில்லாமல் போவதும் தனி.

ரஷ்யாவில் கணக்கு வேறு. 2013இல் மாஸ்கோ–அட்லர் பாதையில் விட்ட மாடி ஸ்லீப்பரில் 64 பெர்த். அங்கே பழைய நால்வர் அறைப் பெட்டியில் 36தான். அதில் இரண்டடுக்கு மட்டுமே. மாடிப் பெட்டியின் உயரமோ 5.25 மீட்டர். அப்படியிருந்தும் மேல் பெர்த்தில் நிமிர்ந்து உட்கார முடியாது.

இந்திய ரயில்வே வேறு வழியில் போனது. 2021இல் வந்த மூன்றடுக்கு எகானமி பெட்டியில் ஒரே தளத்தில் 83 பெர்த்துகளை நெருக்கிப் போட்டார்கள். அடுத்த ஆண்டு அதில் போர்வை, தலையணை கொடுக்கத் தொடங்கியபோது, அவற்றை அடுக்கி வைக்க இடமில்லாமல் சில பெர்த்துகளை விற்காமல் ஒதுக்க வேண்டியதாயிற்று.