80 ஆயிரமா, 1.6 லட்சமா? கேமிங் லேப்டாப் வாங்குறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு



போன வாரம் என் சித்தி பையன் போன் பண்ணினான். சோழிங்கநல்லூர்ல ஒரு ஐடி கம்பெனியில் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகுது. கைக்கு வர்ற சம்பளம் 45,000 ரூபாய்.

"அண்ணா, கேமிங் லேப்டாப் வாங்கணும். 80,000-க்கு ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். ஆனா 1,60,000-க்கு இருக்கிறது செமையா இருக்கு. நோ காஸ்ட் இஎம்ஐ, 18 மாசம், மாசத்துக்கு 8,889 ரூபாய்தான். கட்டிடலாம்ல?"

இதே "கட்டிடலாம்ல" கேள்வியை 2018-ல் நான் எனக்கு நானே கேட்டேன். கட்டிடலாம்னு பதிலும் சொல்லிக்கிட்டேன். 1,20,000 ரூபாய்க்கு ஒரு லேப்டாப், 24 மாச இஎம்ஐ. ஆறு மாசம் ராஜா மாதிரி விட்சர் 3 விளையாடினேன். ஏழாவது மாசம் நான் இருந்த புராஜெக்ட் முடிஞ்சுது, கொஞ்ச நாள்ல வேலையும் போச்சு. அடுத்த வேலை கிடைக்க மூணு மாசம் ஆச்சு. அந்த மூணு இஎம்ஐயையும் கட்டினது எங்க அப்பா. அதுக்காக ஒரு எஃப்டியைப் பாதியில் உடைச்சார். திட்டலை. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்: "இது இல்லாம வேலை பார்க்க முடியாதா தம்பி?" என்கிட்ட பதில் இல்லை.

அதனால இந்தப் பதிவுல "கேமிங் லேப்டாப் வாங்காதீங்க"ன்னு அறிவுரை சொல்லப் போறதில்லை. நாள் முழுக்க உழைச்சுட்டு ராத்திரி ரெண்டு மணி நேரம் கேம் ஆடுறதுல ஒரு தப்பும் இல்லை. எதுக்குக் காசு கொடுக்கிறோம், அதுக்கு என்ன கிடைக்குது, நம்ம சம்பளம் தாங்குமா? இந்த மூணையும் மட்டும் பார்த்துடலாம் வாங்க.

ரெட்டிப்பு விலை கொடுத்தா ரெட்டிப்பு வேகமா?

ஏசர் நைட்ரோ, ஹெச்பி விக்டஸ், லெனோவா எல்ஓகியூ, அசூஸ் டஃப் எல்லாம் பட்ஜெட் வரிசை. லெனோவா லீஜியன், ஹெச்பி ஓமன், அசூஸ் ஆர்ஓஜி, ஏசர் பிரிடேட்டர் எல்லாம் அதுக்கு மேல. ஒவ்வொரு விஷயமா பார்ப்போம்.

1. கிராபிக்ஸ் கார்டு: பேரை மட்டும் பார்க்காதீங்க, வாட்டையும் பாருங்க. லேப்டாப்ல வர்ற ஆர்டிஎக்ஸ் 4050, 4060, 4070 மூணுக்கும் என்விடியா கொடுத்திருக்கிற மின்சார அளவு 35 வாட்ல இருந்து 115 வாட் வரைக்கும். அந்த எல்லைக்குள்ள எவ்வளவு கொடுக்கிறதுங்கிறது லேப்டாப் தயாரிக்கிற கம்பெனியோட முடிவு. அதாவது ஸ்டிக்கர்ல ஒரே பேர் இருக்கிற ரெண்டு லேப்டாப் ரெண்டு விதமா ஓடும். ஒல்லியா, அழகா இருக்கிற விலை உயர்ந்த லேப்டாப்ல குறைஞ்ச வாட்டும், தடிமனான பட்ஜெட் லேப்டாப்ல முழு வாட்டும் இருக்கலாம். அங்க காசு ஒல்லிக்குத்தான் போகுது, வேகத்துக்கு இல்லை. வாங்குறதுக்கு முன்னாடி ஸ்பெக் ஷீட்ல டிஜிபி எத்தனை வாட்னு கண்டிப்பா பாருங்க.

2. கிராபிக்ஸ் மெமரி. 2025-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 5060 லேப்டாப் கார்டுக்கு 8 ஜிபி. அதுக்கு மேல இருக்கிற 5070-க்கும் அதே 8 ஜிபிதான். 5070 டிஐ-க்குப் போனாத்தான் 12 ஜிபி, 5080-க்கு 16 ஜிபி. புது கேம்கள்ல மெமரிதான் முதல்ல திணற ஆரம்பிக்கும். அதனால "ஒரு படி மேல போறேன்"னு கூடுதலா காசு கொடுக்கும்போது, மெமரியும் ஒரு படி ஏறுதான்னு பாருங்க.

3. டிஸ்ப்ளே. பட்ஜெட் லேப்டாப்ல அதிகமா காசை மிச்சம் பிடிக்கிற இடம் இதுதான். "144 ஹெர்ட்ஸ்"னு பெருசா போட்டிருப்பாங்க. கீழே பொடி எழுத்துல "45% என்டிஎஸ்சி, 250 நிட்ஸ்"னு இருக்கும். அப்படின்னா கலர் வெளிறிப்போய்த் தெரியும், வெளிச்சமும் குறைவு. பிரீமியம்ல 100% எஸ்ஆர்ஜிபி, கூடுதல் வெளிச்சம், சிலதுல ஓஎல்இடி கிடைக்கும். வேலோரன்ட் மட்டும் ஆடுறவங்களுக்கு இது பெரிய விஷயமில்லை. போட்டோ, வீடியோ எடிட்டிங் பண்றவங்களுக்குப் பெரிய விஷயம்.

4. சூடு, சத்தம், எடை. இதுல பிரீமியம் நிஜமாவே ஜெயிக்கும். நல்ல கூலிங், உறுதியான பாடி, கொஞ்சம் அடங்கின ஃபேன் சத்தம். ஏசி இல்லாத ரூம்ல, சித்திரை மாச வெயில்ல வித்தியாசம் நல்லாவே தெரியும். ஆனா எந்த லேப்டாப்பா இருந்தாலும் சார்ஜர் இல்லாம முழு வேகத்துல கேம் ஆட முடியாது.

5. ராம். பட்ஜெட் மாடல்கள்ல பெரும்பாலும் ஸ்லாட் இருக்கும், அப்புறமா ஏத்திக்கலாம். சில ஒல்லியான பிரீமியம் மாடல்கள்ல ராம் போர்டோட ஒட்டியே வரும். வாங்குறப்ப இருக்கிறதுதான் கடைசி வரைக்கும். விலை அதிகம்னா எல்லாமே அதிகம்னு நினைச்சுடாதீங்க.

நோ காஸ்ட் இஎம்ஐ-ல காஸ்ட் எங்க ஒளிஞ்சிருக்கு?

வட்டி இல்லாத கடன்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கியே 2013-ல் சொல்லியிருக்கு. நோ காஸ்ட்ல நடக்கிறது இதுதான்: பேங்க் வழக்கம்போல வட்டி போடும். அந்த வட்டிக்குச் சமமான தொகையைக் கடைக்காரரோ கம்பெனியோ முதல்லயே தள்ளுபடியாக் கொடுத்துடுவாங்க.

1,60,000 ரூபாய், 18 மாசம், கிரெடிட் கார்டு, 16% வட்டின்னு வெச்சுக்கலாம்.

- இதுல ஒளிஞ்சிருக்கிற வட்டி ஏறக்குறைய 18,600 ரூபாய். இது தள்ளுபடியில் கழிஞ்சுடும்.
- ஆனா அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி உண்டு: சுமார் 3,350 ரூபாய். இது உங்க பாக்கெட்ல இருந்து.
- புராசசிங் ஃபீ 199 ரூபாய்னா, ஜிஎஸ்டி சேர்த்து 235 ரூபாய்.
- மொத்தமாப் பணம் கட்டினா கிடைச்சிருக்கக்கூடிய தள்ளுபடி, 5,000 ரூபாய்னு வெச்சாலும், அது போச்சு.

கூட்டிப் பாருங்க, 8,500 ரூபாய் தாண்டுது. கிட்டத்தட்ட இன்னொரு மாச இஎம்ஐ!

இதெல்லாம் ஒழுங்கா கட்டினா. ஒரு மாசம் பில் தவறினா லேட் ஃபீ, அதோட பல கார்டுகள்ல மாசம் 3.5%-ஐ ஒட்டி வட்டி. வருஷத்துக்குக் கணக்குப் போட்டா 42%. சிபில் ஸ்கோர் அடி வாங்குறது தனி. நாளைக்கு வீட்டுக் கடனுக்குப் போறப்ப அது முன்னாடி வந்து நிற்கும்.

அவனோட சம்பளம் என்ன சொல்லுது?

போன்லயே தம்பியை எழுதச் சொன்னேன்.

- பிஜி, சாப்பாடு: 10,000
- வீட்டுக்கு அனுப்புறது: 12,000
- பஸ், போன், இன்டர்நெட்: 3,500
- மத்த செலவு: 7,500
- மொத்தம்: 33,000
- மிச்சம்: 12,000

1,60,000 லேப்டாப் எடுத்தா, இஎம்ஐ போக மிச்சம் 3,111 ரூபாய். ஒன்றரை வருஷத்துக்கு. 80,000 லேப்டாப்பை 12 மாச இஎம்ஐ-ல எடுத்தா மாசம் 6,667 போகும், மிச்சம் 5,333 ரூபாய்.

"சேவிங்ஸ் எவ்வளவு வெச்சிருக்க?"ன்னு கேட்டேன். "30,000 இருக்கும்ணா." அவனோட ஒரு மாசச் செலவுக்குக்கூட அது பத்தாது. அப்படின்னா அடுத்த மாசம் சம்பளம் வரலைன்னா லேப்டாப் இஎம்ஐ மட்டும் நிற்காது. ஊர்ல சித்திக்குப் போற 12,000 ரூபாயும் நிற்கும். இந்த ஒரு வரிதான் அவனை யோசிக்க வெச்சுது.

நான் பின்பற்றுற விதி ரொம்ப எளிமையானது. லேப்டாப்போட விலை ரெண்டு மாச கைச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. அதுவும் மூணு மாசச் செலவுக்கான அவசரப் பணத்தைத் தொடாம வாங்கணும். அந்தப் பணம் இன்னும் சேரலைன்னா முதல்ல அதைச் சேர்க்கிறதுதான் சரி. அவசர நிதியும் லேப்டாப்பும் ஒரே நேரத்துல வளரணும்னா, லேப்டாப்தான் கொஞ்சம் காத்திருக்கணும்.

"இப்பவே பெருசா வாங்கினா 6 வருஷம் ஓடுமே?"

எல்லாரும் சொல்ற நியாயம் இது. கணக்கு போட்டுப் பார்ப்போம்.

வழி ஒண்ணு: 1,60,000-க்கு ஒரே லேப்டாப், 6 வருஷம்.

வழி ரெண்டு: இப்ப 80,000-க்கு ஒண்ணு. 3 வருஷம் கழிச்சு அதை 25,000-க்கு வித்துட்டு, திரும்ப 80,000-க்குப் புதுசு. மொத்தச் செலவு 1,35,000.

ரெண்டாவது வழியில 25,000 மிச்சம். அதோட 4-வது வருஷம் உங்க கையில் புது சிப், புது பேட்டரி, புது வாரண்டி. லேப்டாப்ல 50 வரிசை கார்டையே எடுத்துக்கோங்க. 2021-ல் 3050 வந்தப்ப 4 ஜிபி. 2023-ல் 4050-க்கு 6 ஜிபி. 2025-ல் 5050-க்கு 8 ஜிபி. கடைசிப் படியே நாலு வருஷத்துல ரெட்டிப்பாகுது.

வாரண்டியையும் மறக்காதீங்க. விலை அதிகமா இருக்கிறதால வாரண்டி அதிகம்னு அர்த்தமில்லை, பல மாடல்களுக்கு 1 வருஷம்தான். கிராபிக்ஸ் சிப் மதர்போர்டோட சேர்ந்தே இருக்கும். வாரண்டி முடிஞ்சு அது போனா பில் பெருசா வரும். அதனால நீட்டிப்பு வாரண்டியோட விலையையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்க.

அப்போ பிரீமியம் யாருக்கு?

- வீடியோ எடிட்டிங், 3டி, அனிமேஷன்னு அந்த லேப்டாப்பே மாசாமாசம் சம்பாதிச்சுக் கொடுக்கிறவங்களுக்கு. இங்க வேகம்னா நேரம், நேரம்னா காசு.
- அவசர நிதி, ஹெல்த் இன்ஷூரன்ஸ் எல்லாம் முடிச்சுட்டு, மொத்தப் பணத்தையும் கையில் வெச்சிருக்கிறவங்களுக்கு. அவங்க ஆசைக்கு வாங்குறதைக் கேள்வி கேட்க நாம யாரு?

ஆபீஸ் வேலைக்குக் கம்பெனி லேப்டாப் இருக்கு, கேம் ரூம்ல உட்கார்ந்துதான் ஆடுவேன்னா, டெஸ்க்டாப்பையும் ஒரு தடவை விலை கேளுங்க. அதே காசுக்கு வேகம் அதிகம், அஞ்சு வருஷம் கழிச்சு கார்டை மட்டும் மாத்திக்கலாம்.

வாங்கப் போறப்ப கையில் இருக்க வேண்டிய பட்டியல்

1. நான் ஆடுற 3 கேம் என்ன? (வேலோரன்ட், சிஎஸ் 2-வா, சைபர்பங்க் 2077-ஆ? முதல் ரெண்டுக்கு பட்ஜெட்டே தாராளம்.)
2. டிஜிபி எத்தனை வாட்?
3. கிராபிக்ஸ் மெமரி எத்தனை ஜிபி?
4. டிஸ்ப்ளே கலர் எத்தனை சதவீதம்?
5. ராம் ஸ்லாட் இருக்கா?
6. மொத்தமாக் கட்டினா என்ன விலை, இஎம்ஐ-ல என்ன விலை?

கடைசியா தம்பி என்ன முடிவு பண்ணினான்? மாசம் 10,000 ரூபாய் ஆர்டி போட ஆரம்பிச்சிருக்கான். "8 மாசமாண்ணா?"ன்னு முதல்ல முகம் சுருங்கிச்சு. நான் சொன்னேன்: "இந்த 8 மாசம் 10,000 ரூபாய் இல்லாம உன்னால இருக்க முடிஞ்சா, அந்த லேப்டாப் உனக்குக் கட்டுப்படி ஆகும். நடுவுல நாலு தடவை ஆர்டியை உடைக்கத் தோணுச்சுன்னா, இஎம்ஐ எடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு உனக்கே தெரிஞ்சுடும்."

அந்த 30,000 ரூபாயை மட்டும் தொடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன். எங்க அப்பா எஃப்டி உடைச்ச கதையை அவன்கிட்ட அன்னிக்குத்தான் முதல் தடவையா சொன்னேன்.

இந்த நோ காஸ்ட் இஎம்ஐ கணக்கை எக்செல் ஷீட்ல எப்படிப் போடுறதுன்னு அடுத்த வீடியோல காட்டுறேன். அதுவரைக்கும் "கட்டிடலாம்ல"ன்னு மனசு கேட்டா, "சம்பளம் வராத மாசமும் கட்டிடலாமா?"ன்னு ஒரு தடவை திருப்பிக் கேட்டுப் பாருங்க.